கௌபாய்: உழைப்பு யாருடையது, கதை யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் கூட்டத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் சூட்டில் ஒன்றைச் சொல்லிவிட்டேன். "கௌபாய் என்ற சொல்லே கறுப்பினத் தொழிலாளியை இழிவுபடுத்த வந்த சொல். மாடு மேய்த்த வெள்ளையனுக்கு வேறு பெயர். பேரன் பேத்தி எடுத்த ஆளைக்கூட 'டேய் பையா' என்று கூப்பிடுகிற வழக்கம் நமக்குத் தெரியாததா?" கைதட்டல் பலமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் முதுகலை வரலாறு படிக்கும் தங்கை ஒருத்தி வந்தாள். "அண்ணா, அந்தச் சொல் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலீஷிலேயே மாடு மேய்க்கிற பையன் என்ற பொருளில் இருக்கிறதே. அமெரிக்க விடுதலைப் போரின்போது நியூயார்க் பக்கம் பிரிட்டிஷாருக்கு ஆதரவாகக் கொள்ளையடித்தவர்களையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்னதை எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொல்லியிருந்தேன்.

அடிமைமுறைக் காலத்திலும் அதற்குப் பிறகும் வயது வந்த கறுப்பின ஆண்களைப் 'பாய்' என்று அழைத்து அவமதித்தது உண்மை. கௌபாய் என்ற சொல் அங்கிருந்துதான் பிறந்தது என்பதற்குச் சான்று இல்லை. உண்மையான வரலாறே இவ்வளவு கனமாக இருக்கும்போது நான் எதற்குப் பொய்யைத் தூக்கிச் சுமந்தேன் என்ற வெட்கத்தில் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தங்கைக்கு நான் பட்ட கடன் இந்தக் கட்டுரை.

நமக்குக் கௌபாய் எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது லயன் காமிக்ஸில் வந்த டெக்ஸ் வில்லர் மூலம். இத்தாலியில் 1948இல் பிறந்த அந்தச் சித்திரக்கதை நாயகன் சிவகாசி வழியாக எங்கள் ஊர் வாடகை நூலகத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கும் முன்பே, 1972இல், கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் 'கங்கா'வில் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறிவிட்டார். இந்தக் கதைகளில் எல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. நாயகனுக்கு மாடே இருக்காது. சம்பளம் யார் தருகிறார்கள் என்று தெரியாது. சுடுவார், சூதாடுவார், ஊரைக் காப்பாற்றிவிட்டுச் சூரியன் மறையும் திசையில் போய்விடுவார். அந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்குக் கதையில் இடமே கிடையாது. எதிரே வருகிறவர்களுக்குச் 'செவ்விந்தியர்' என்று ஒரு பெயர். தோலின் நிறத்தையும் கொலம்பஸின் தவறான கணக்கையும் சேர்த்து அடுத்தவன் வைத்த பெயர் அது. அந்த மக்களுக்குக் கொமாஞ்சி, கியோவா, லக்கோட்டா, செயேன் என்று சொந்தப் பெயர்கள் இருந்தன.

சரி, நடந்தது என்ன?

மாட்டு மந்தைகளைப் பல நூறு மைல் ஓட்டிச்சென்ற அந்தப் பெரிய காலம் மொத்தம் இருபது ஆண்டுகள்தான். 1866 வாக்கில் தொடங்கி 1880களின் நடுவில் முடிந்துவிட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு டெக்சாஸ் பண்ணையார்கள் போய்விட, மாடுகள் காட்டில் பெருகிக் கிடந்தன. போர் முடிந்தபோது டெக்சாஸில் ஒரு மாட்டின் விலை நாலைந்து டாலர், வடக்கு நகரங்களில் அதைப்போலப் பல மடங்கு. நடுவில் ரயில் இல்லை. 1867இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி கான்சாஸ் மாநிலத்தின் அபிலீனில் ரயில் பாதையை ஒட்டிப் பட்டிகள் கட்டினார். அங்கே வரை மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆட்கள்தான் கௌபாய்கள். அவர்கள் போன பெரிய பாதைக்குச் செரோக்கி தாய்க்குப் பிறந்த ஜெஸ்ஸி சிசோம் என்ற வணிகரின் பெயர். அவர் தன் சரக்கு வண்டிகளை ஓட்டிய தடம் அது.

வேலை எப்படி என்று கொஞ்சம் பாருங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல். இரண்டு மூன்று மாதம் வெட்டவெளியில் தூக்கம், அதிலும் இரவுக் காவல் முறை உண்டு. சம்பளம் மாதம் 25 முதல் 40 டாலர். குதிரை பண்ணைக்குச் சொந்தம், சேணம் மட்டும்தான் தொழிலாளிக்குச் சொந்தம். மந்தையின் முன்னால் போகிறவன் அனுபவசாலி. கடைசியில் நொண்டி மாடுகளைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் புதியவன், அத்தனை குளம்புகளின் புழுதியையும் தின்பவன் அவன்தான். சாவு பெரும்பாலும் துப்பாக்கியால் வரவில்லை. வெள்ளம் போகும் ஆற்றைக் கடக்கும்போது வந்தது, மிரண்ட மந்தையின் காலடியில் வந்தது, கால் அங்கவடியில் சிக்கிக் குதிரை இழுத்துப் போனதில் வந்தது, இடி மின்னலில் வந்தது.

துப்பாக்கிச் சண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அபிலீன், எல்ஸ்வொர்த், விச்சிட்டா, டாட்ஜ் சிட்டி, கால்டுவெல் ஆகிய ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை ராபர்ட் டைக்ஸ்ட்ரா என்ற வரலாற்றாசிரியர் எண்ணிப் பார்த்தார். மொத்தம் 45. ஒரே சினிமாவில் அதைவிட அதிகம் பேர் சாகிறார்கள். ஊருக்குள் துப்பாக்கி எடுத்து வரக்கூடாது என்று இந்த ஊர்களில் சட்டமே இருந்தது. 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நடந்த, நூறு படங்களில் காட்டப்பட்ட ஓ.கே. கொரால் சண்டைகூட அந்தத் துப்பாக்கித் தடையை அமல்படுத்தப் போய் வெடித்ததுதான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. செத்தவர்கள் மூன்று பேர்.

இனி அந்தக் குதிரைகளின்மேல் இருந்தவர்களுக்கு வருவோம்.

இந்தத் தொழிலின் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். லாசோ, ரான்ச், ரோடியோ, மஸ்டாங் எல்லாமே ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. மெக்சிகோவில் இந்த வேலையைச் செய்தவர்களுக்கு 'வக்கேரோ' என்று பெயர், மாட்டுக்காரர் என்று பொருள். அவர்களில் பலர் பூர்வகுடிகள் அல்லது கலப்பினத்தவர். குதிரையிலிருந்து கயிறு வீசுவது, சூடு போடுவது, சேணத்தின் கொம்பில் கயிற்றைச் சுற்றி மாட்டை நிறுத்துவது என அத்தனையும் அவர்கள் கை வித்தை. டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. 1848 உடன்படிக்கையில் மெக்சிகோ தன் வடபகுதி முழுவதையும் அமெரிக்காவிடம் இழந்தது. நிலமும் போனது, தொழிலும் போனது, பிறகு பெயரும் போனது.

அடுத்தது கறுப்பின மக்கள். 1860 கணக்கெடுப்பின்படி டெக்சாஸில் அடிமைகளாக இருந்தவர்கள் 1,82,566 பேர், மக்கள்தொகையில் நூற்றுக்கு முப்பது. பருத்திக் காட்டில் மட்டும் அவர்கள் இல்லை. மாட்டுப் பண்ணைகளிலும் இருந்தார்கள், எஜமானர்கள் போருக்குப் போனபோது மாடுகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்பட்டபோது அவர்களிடம் நிலம் இல்லை, பணம் இல்லை. கையில் ஒரு தொழில் இருந்தது. கௌபாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. சம்பளப் பட்டியல்களும் கணக்கெடுப்பும் முழுமையாக இல்லாததால் சிலர் இதைவிடக் குறைவாகவும் சொல்கிறார்கள். எண்ணிக்கையில் சண்டை போடலாம், இருந்தார்கள் என்பதில் சண்டையே இல்லை. முரட்டுக் குதிரையை முதலில் அடக்குவதும் பெருக்கெடுத்த ஆற்றில் முதலில் இறங்கிப் பார்ப்பதும் பல இடங்களில் அவர்கள் தலையில் விழுந்தது. மந்தைத் தலைவன் பதவி அவர்களுக்கு அபூர்வம்.

இந்தக் காலத்தில்தான், 1873இல், புனேயில் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை வெளியிட்டு, அடிமைகளை விடுவித்ததற்காக அதை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர் அந்தக் காணிக்கையை எழுதிய நாட்களில் விடுதலை பெற்ற அந்த மனிதர்களில் பலர் கான்சாஸ் போகும் தடத்தில் புழுதி தின்றுகொண்டிருந்தார்கள். 1946இல் அம்பேத்கர் டு போய்ஸுக்கு எழுதிய கடிதத்தையும், 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் பெயர் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் நம் தோழர்கள் அறிவார்கள். உறவு பழையது.

ஒரு மனிதரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். போஸ் ஐகார்ட். மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்து டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டவர். போருக்குப் பிறகு சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணையாரிடம் சேர்ந்தார். நியூ மெக்சிகோ வழியாகக் கொலராடோ வரை மந்தைகளை ஓட்டினார்கள். மாடு விற்ற பணத்தைக் குட்நைட் ஐகார்டிடம்தான் கொடுத்து வைப்பார். நம்பிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. கறுப்பனிடம் அவ்வளவு பணம் இருக்கும் என்று எந்தத் திருடனும் தேடமாட்டான். இந்த இரண்டாவது காரணத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நிறவெறியையே பூட்டாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

ஐகார்ட் கொலராடோவில் நிலம் வாங்கிக் குடியேற நினைத்தார். அங்கே கறுப்பினத்தவர் மிகக் குறைவு என்று குட்நைட் தடுத்து ஆலோசனை சொன்னார். ஐகார்ட் டெக்சாஸின் வெதர்போர்டில் விவசாயியாக வாழ்ந்து 1929இல் இறந்தார். குட்நைட் அவருக்குக் கல்லறைக் கல் நாட்டினார், புகழ்ந்து எழுதியும் வைத்தார். அந்த அன்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குட்நைட்டுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

டெக்சாஸின் வடக்கே பாலோ துரோ என்று ஒரு பெரும் பள்ளத்தாக்கு. 1874 செப்டம்பர் 28 அன்று கர்னல் மெக்கென்சியின் குதிரைப்படை அங்கே குளிர்காலத்துக்காகத் தங்கியிருந்த கொமாஞ்சி, கியோவா, செயேன் மக்களைத் தாக்கியது. உயிரிழப்பு சிலர்தான், பெரும்பாலோர் தப்பி ஓடினார்கள். படை அவர்களுடைய கூடாரங்களையும் குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவையும் எரித்தது. பிடிபட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றது. குதிரையும் உணவும் இல்லாத மக்கள் குளிரில் நடந்தே போய்ச் சரணடைந்தார்கள். கடைசிக் கொமாஞ்சிக் குழு 1875 ஜூனில் பணிந்தது. அதே ஆண்டுகளில் தோல் வேட்டைக்காரர்கள் அவர்களின் சோறான காட்டெருமைகளை லட்சக்கணக்கில் கொன்று தோலை உரித்துக்கொண்டு உடலை அழுகவிட்டார்கள். ஒருகாலத்தில் கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமை, 1880களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

1876இல் அந்தப் பாலோ துரோ பள்ளத்தாக்குக்குள் 1,600 மாடுகளோடு வந்து இறங்கியவர் குட்நைட். இரண்டே ஆண்டு இடைவெளி. அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் அடேர் பணம் போட, ஜேஏ பண்ணை பிறந்தது. உச்சத்தில் 13 லட்சம் ஏக்கர், ஒரு லட்சம் மாடுகள். திறந்த வெளி, ஆளில்லாத புல்வெளி என்று கதைகள் வர்ணிக்கும் நிலம் எப்படித் திறந்தது, எப்படி ஆளில்லாமல் போனது என்று கேட்டால் இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் காட்டுவேன்.

அந்தப் பண்ணைகள் பிறகு கம்பெனிகள் ஆயின. ஸ்காட்லாந்து, லண்டன் முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டினார்கள். 1874இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி வந்து நிலத்தை அடைத்தது. எக்ஸ்ஐடி என்ற பண்ணைக்கு மட்டும் முப்பது லட்சம் ஏக்கர். டெக்சாஸ் அரசு தன் தலைமைச் செயலகக் கட்டடத்தைக் கட்டித் தந்ததற்குக் கூலியாக நிலத்தைக் கொடுத்தது! அந்தப் பண்ணையின் விதிகள் என்ன தெரியுமா? வேலையாட்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, சீட்டாடக் கூடாது. நம் சினிமாக் கௌபாய்க்கு அங்கே முதல் நாளே சீட்டு கிழிந்திருக்கும்.

1883இல் டெக்சாஸின் வடகோடியில் ஐந்து பெரிய பண்ணைகளின் கௌபாய்கள் மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சமையற்காரர்களுக்கும் அதே சம்பளம் வேண்டும் என்றார்கள். பண்ணைகள் அவர்களை நீக்கிவிட்டு வேறு ஆட்களை வைத்துக்கொண்டன. சில மாதங்களில் போராட்டம் கரைந்தது. குதிரையில் தனியாகப் போகும் சுதந்திர மனிதன் என்ற படத்தை எத்தனை முறை பார்த்திருப்போம்? கூட்டாக நின்று சம்பளம் கேட்ட மனிதனை ஒருமுறையாவது பார்த்திருக்கிறோமா?

வயோமிங்கில் இன்னும் மோசம். 1892 ஏப்ரலில் அங்கிருந்த பெரும்பண்ணையார்கள் டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை ரயிலில் இறக்கினார்கள். சிறு விவசாயிகளையும் சொந்தமாக நாலு மாடு வைத்துக்கொண்ட முன்னாள் கௌபாய்களையும் 'மாட்டுத் திருடர்கள்' என்று பட்டியல் போட்டுக் கொல்லக் கிளம்பினார்கள். நேட் சாம்பியன் என்பவரின் குடிசைக்குத் தீ வைத்து, வெளியே ஓடி வந்தவரைச் சுட்டார்கள். ஊர் மக்கள் திரண்டு கொலைகாரர்களைச் சுற்றி வளைத்தபோது குடியரசுத் தலைவரின் ஆணையோடு ராணுவம் வந்தது. காப்பாற்றியது கொலைகாரர்களை. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் பிராங்க் வுல்காட்.

இந்த வுல்காட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1885இல் பிலடெல்பியாவின் பணக்கார வீட்டுப் பிள்ளை, ஹார்வர்டில் படித்த ஓவன் விஸ்டர், உடல்நலம் தேற வயோமிங் வந்தபோது தங்கியது இவருடைய பண்ணையில்தான். அந்த விஸ்டர்தான் 1902இல் 'தி வெர்ஜீனியன்' நாவலை எழுதி இன்றைய கௌபாய் நாயகனை உருவாக்கினார். கதையில் பண்ணையார் நல்லவர். நாயகன் திருட்டுக் குற்றம் சாட்டித் தன் நண்பனையே தூக்கில் போடுகிறான். அது சரிதானா என்று நாயகி கலங்கும்போது ஒரு நீதிபதி விளக்கம் தருகிறார்: தெற்கில் கறுப்பர்களைக் கும்பல் எரிப்பது வேறு, இங்கே திருடர்களைத் தூக்கிலிடுவது வேறு. 1892 கொலைகளுக்கு இலக்கியத்தில் கிடைத்த விடுதலைத் தீர்ப்பு அது. நூல் தியடோர் ரூஸ்வெல்ட்டுக்குச் சமர்ப்பணம். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1895இல், ஒரு பத்திரிகைக் கட்டுரையில் விஸ்டர் கௌபாயின் பிறப்பை ஆராய்ந்திருந்தார். அவர் கண்டுபிடித்த பூர்வீகம், இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் பிரபு! வக்கேரோவிடம் கற்ற கயிற்றுக்கு ராஜவம்ச வம்சாவளி எழுதியாயிற்று. தலபுராணம் எழுதும் வேலை எல்லா நாட்டிலும் இருக்கிறது.

அதற்கு முன் கௌபாய்க்கு இருந்த மரியாதை என்ன? 1881 டிசம்பரில் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் அரிசோனாவின் ஆயுதமேந்திய கயவர் கும்பலைக் 'கௌபாய்கள்' என்றுதான் குறிப்பிட்டார். இரண்டே ஆண்டில், 1883இல், பஃபலோ பில் தன் காட்சிக் கூடாரத்தைத் தொடங்கினார். பூர்வகுடிகள் தோற்பதற்காகத் தினமும் அரங்கில் இறங்கினார்கள். சிட்டிங் புல் கூட 1885இல் ஒரு பருவம் அதில் கூலிக்குத் தோன்றினார். 1890 டிசம்பரில் அவர் கொல்லப்பட்டார், இரண்டு வாரத்தில் வுண்டட் நீ படுகொலை நடந்தது. தொழில் செத்துக்கொண்டிருந்தபோதுதான் கதை பிறந்தது. 1886-87 குளிரில் வடக்குப் புல்வெளிகளில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன, ரயில் டெக்சாஸுக்கே வந்துவிட்டது, நெடும்பயணங்கள் நின்றன. உழைத்தவர்கள் இருக்கும்வரை அது கீழான வேலை. அவர்கள் கலைந்த பிறகு அது வீரம். வீரம் ஆனதும் நிறம் மாற்றினார்கள்.

இங்கே நமக்கு வசதியில்லாத சிலவற்றையும் சொல்ல வேண்டும். 1866இல் அமைக்கப்பட்ட ஒன்பதாம், பத்தாம் குதிரைப்படைகளில் சிப்பாய்கள் கறுப்பினத்தவர். கொமாஞ்சிகளையும் அப்பாச்சிகளையும் விரட்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. சீருடையும் சம்பளமும் மரியாதையும் வேறெங்கும் கிடைக்காத மனிதர்கள், இன்னொரு மக்களின் நிலத்தைப் பறிக்கும் படையில் அவற்றைப் பெற்றார்கள். மறுபக்கம், செரோக்கி உள்ளிட்ட சில பூர்வகுடி இனங்களில் வசதி படைத்தவர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகள் செரோக்கி குடியுரிமைக்காக 2017 வரை நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டவர் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று மேடையில் சொல்வது எனக்கும் எளிது. நடந்தது அப்படி இல்லை.

நம் பக்கத்துப் புனைவுகளும் இருக்கின்றன. அடிமையாகப் பிறந்து கௌபாய் ஆன நாட் லவ் 1907இல் வெளியிட்ட தன்வரலாறு அருமையான வாசிப்பு. ஆனால் அதில் அளந்துவிட்டது நிறைய, அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பிற்காலத்தில் அவர் ரயிலில் புல்மன் பெட்டிப் பணியாளராக வேலை பார்த்தார் என்ற பகுதிதான் என்னை அதிகம் தொட்டது. மாட்டை ஓட்டியவரின் பிழைப்பைப் பறித்த அதே ரயில். கறுப்பின மார்ஷல் பாஸ் ரீவ்ஸ்தான் 'லோன் ரேஞ்சர்' பாத்திரத்துக்கு மூலம் என்று பகிர்கிறார்கள், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்த வேலையைச் செய்த ரீவ்ஸுக்கு ஒரு வெள்ளைக் கற்பனைப் பாத்திரத்தின் நிழல் எதற்கு? 2021இல் வந்த 'தி ஹார்டர் தே ஃபால்' படத்தில் இவர்கள் பெயர்கள் எல்லாம் வருகின்றன. பெயர்கள் நிஜம், கதை கற்பனை. பார்த்து மகிழுங்கள், பரீட்சையில் எழுதாதீர்கள்.

1994இல் அமெரிக்க அஞ்சல் துறை 'மேற்கின் நாயகர்கள்' வரிசையில் பில் பிக்கெட் என்ற கறுப்பின ரோடியோ வீரருக்குத் தலை வெளியிட அச்சடித்தது. ஓடும் காளையின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் விளையாட்டைப் பிரபலமாக்கியவர் அவர். அச்சானது அவர் தம்பி பென்னின் முகம் என்று குடும்பத்தார் கண்டுபிடித்துச் சொன்னார்கள். திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். நூறாண்டு கழித்து மரியாதை செய்ய வந்தவர்களுக்கும் முகம் தெரியவில்லை.

கடைசியாக ஒருவர். ஜார்ஜ் மெக்ஜன்கின், 1851இல் டெக்சாஸில் அடிமையாகப் பிறந்தவர். கௌபாயாக வேலை செய்துகொண்டே படிக்கக் கற்றுக்கொண்டார், நியூ மெக்சிகோவில் ஒரு பண்ணையின் மேலாளர் ஆனார். 1908இல் ஃபோல்சம் என்ற ஊரில் பெருவெள்ளம் வந்தது. வேலிகளைச் சரிபார்க்கப் போனவர், வெள்ளம் அறுத்த ஓடைக் கரையில் ஆழத்தில் பெரிய எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். சாதாரண மாட்டெலும்பு இல்லை, இன்றைய காட்டெருமையும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. வாழ்நாள் முழுக்க மாட்டெலும்பு பார்த்த கண் அது. வந்து பார்க்கச் சொல்லிப் பலரிடம் சொன்னார். யாரும் வரவில்லை. 1922இல் அவர் இறந்த பிறகுதான் பக்கத்து ஊர்க் கொல்லர் ஒருவரும் அவர் நண்பர்களும் அந்த இடத்துக்குப் போனார்கள். 1926இல் டென்வர் அருங்காட்சியகம் தோண்டத் தொடங்கியது. அழிந்துபோன காட்டெருமையின் விலா எலும்புகளுக்கு நடுவே மனிதன் செதுக்கிய கல் ஈட்டிமுனை கிடைத்தது. பனிக்காலத்தின் இறுதியிலேயே அமெரிக்காவில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை அறிஞர்கள் ஒப்புக்கொள்ள வைத்தது அந்தக் குழிதான். பூர்வகுடிகள் அந்த மண்ணுக்கு எவ்வளவு பழையவர்கள் என்பதற்கான சான்றை ஒரு கறுப்பினக் கௌபாய் கண்டெடுத்திருந்தார். ஈட்டிமுனைக்கு ஊரின் பெயரை வைத்து 'ஃபோல்சம் முனை' என்றார்கள். மெக்ஜன்கின் பெயர் ஆய்வாளர்களின் எழுத்துக்குள் வந்து சேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.